திறன்பேசி எதை விழுங்குகிறது? தாதிமை மாணவர்களின் மனநலம் குறித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தாதிமை படிக்கும் இளையர்களுக்குத் திறன்பேசிதான் பாடநூல், கணிப்பான், கால அட்டவணை, பொழுதுபோக்கு எல்லாம். பணிப் பயிற்சி குறித்த தகவல்கள் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வருகின்றன. மருந்தின் பக்கவிளைவுகளைத் தெரிந்துகொள்ளச் செயலிகள் உள்ளன. 500 மில்லிலிட்டர் திரவத்தை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு வரும். இதுபோன்ற கணக்குகளையும் மாணவர்கள் திறன்பேசியில்தான் போட்டுப் பழகுகின்றனர்.

நள்ளிரவு தாண்டியும் கையில் இருப்பது அதே கருவிதான். அதனால், "கைப்பேசியைக் கீழே வை" என்ற அறிவுரை இவர்களிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை. எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள் என்று எண்ணுவதைவிட, தூக்கம், மனம்விட்டுப் பேசுவது, பணியிடக் கவனம் ஆகிய மூன்றில் எதைத் திறன்பேசி விழுங்குகிறது என்று கேட்பது கூடுதல் பயன் தரும்.

'அடிமை' என்று சொல்லலாமா?

உலகச் சுகாதார நிறுவனம் வெளியிடும் அனைத்துலக நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. மின்விளையாட்டுக் கோளாறு அந்தப் பட்டியலில் உள்ளது. திறன்பேசிக்கு அடிமையாதல் தனிக் கோளாறாக அதில் இடம்பெறவில்லை. எனவே, 'திறன்பேசிச் சார்பு', 'சிக்கலான திறன்பேசிப் பயன்பாடு' என்ற சொற்களையே ஆய்வாளர்கள் பலர் விரும்புகின்றனர். திறன்பேசி கையில் இல்லாவிட்டால் ஏற்படும் அச்சத்தை 'நோமோஃபோபியா' என்று குறிப்பிடுவதும் உண்டு.

பெயர் எதுவாக இருந்தாலும், பழக்கம் எப்போது சிக்கலாகிறது என்பதை அறியச் சில அளவுகோல்கள் உள்ளன. பிரிட்டிஷ் உளவியலாளர் மார்க் கிரிஃபித்ஸ் 2005ஆம் ஆண்டில் நடத்தை சார்ந்த அடிமைத்தனத்தின் ஆறு கூறுகளை வகுத்துக் கூறினார்.

முதலாவது, அந்தப் பழக்கமே சிந்தனை முழுவதையும் ஆக்கிரமிப்பது. இரண்டாவது, மனநிலையை மாற்றிக்கொள்ள அதையே நாடுவது. மூன்றாவது, முன்பு போதுமாக இருந்த அளவு இப்போது போதாமல் போவது. நான்காவது, அது இல்லாதபோது எரிச்சலும் பதற்றமும் வருவது. ஐந்தாவது, அதன் காரணமாகப் படிப்பிலோ உறவுகளிலோ மோதல் ஏற்படுவது. ஆறாவது, குறைத்த பின்னரும் பழைய நிலைக்கே திரும்புவது.

தினமும் பல மணி நேரம் திறன்பேசியைப் பயன்படுத்தும் ஒருவரிடம் இந்த ஆறில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். குறைந்த நேரமே பயன்படுத்தும் இன்னொருவரிடம் நான்கு இருக்கலாம்.

எப்படி அளக்கிறார்கள்?

இத்துறை ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் வினாநிரல், 2013ஆம் ஆண்டில் தென்கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட 'திறன்பேசி அடிமைத்தன அளவுகோல்'. முழு வடிவத்தில் 33 கேள்விகள் உள்ளன. சுருக்க வடிவத்தில் 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண் என்பதால் மொத்தம் 10க்கும் 60க்கும் இடையில் வரும். சுருக்க வடிவத்தில் ஆண்களுக்கு 31, பெண்களுக்கு 33 என்ற மதிப்பெண்கள் எல்லைகளாக வகுக்கப்பட்டன. அந்த எல்லைகள் பதின்ம வயது மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் இருந்து வந்தவை.

இந்த அளவுகோலின் மலாய் வடிவம், மலேசியாவின் புத்ரா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களிடம் சோதிக்கப்பட்டு 2015ஆம் ஆண்டில் வெளியானது.

மனநலத்தை அளக்க, மனச்சோர்வு, பதற்றம், மனவுளைச்சல் ஆகிய மூன்றையும் 21 கேள்விகளில் கேட்கும் 'டாஸ்-21' வினாநிரல் பெரும்பாலும் பயன்படுகிறது. இவையெல்லாம் யாரிடம் கூடுதலாக விசாரிக்க வேண்டும் என்று காட்டும் கருவிகள் மட்டுமே. இணையத்தில் அவற்றை நிரப்பிப் பார்த்துவிட்டு, தமக்கு நோய் இருப்பதாக மாணவர்கள் முடிவுசெய்துவிடக் கூடாது.

வார்டில் தொடங்கும் களைப்பு

தாதிமைப் படிப்பில் சேர்பவர்கள் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியில் இருப்பவர்கள். சில மாதங்களிலேயே முன்பின் தெரியாத ஒருவரைக் குளிப்பாட்ட வேண்டும், படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டும், குழம்பிப்போன முதியவரின் கோபத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த நோயாளியின் கட்டில் இன்று காலியாக இருப்பதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

தவறு செய்துவிடுவோமோ என்ற பயம், நோயாளியின் மரணம், மூத்த தாதியரிடமோ பயிற்றுவிப்பாளரிடமோ வாங்கும் கண்டிப்பு, வகுப்பில் படித்ததற்கும் வார்டில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி, பணி முடிந்த பிறகும் காத்திருக்கும் ஒப்படைப்புகள் ஆகியவற்றைத் தாதிமை மாணவர்களின் மனவுளைச்சலுக்கான காரணங்களாகப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகின்றன.

எட்டு மணி நேரம் நின்றுவிட்டு ரயிலில் உட்கார்ந்ததும், காதில் செவிப்பொறியைச் செருகிக் குறுங்காணொளிகளைப் பார்க்கத் தொடங்குவது இயல்பான செயல். உடனடி ஆறுதல் கிடைக்கிறது. காசும் செலவாவதில்லை, யாருக்கும் விளக்கம் சொல்லவும் தேவையில்லை.

ஆனால் வார்டில் நடந்தது அப்படியே உள்ளே கிடக்கிறது. மறுநாளும் அதே திரையைத் தேடுகிறது மனம். இப்படித் தப்பித்துக்கொள்ளும் பழக்கமாக அது மாறும்போதுதான் சார்பு உருவாகிறது. பல மாணவர்களுக்குத் திறன்பேசி நோயின் காரணமாக இருப்பதைவிட, கவனிக்கப்படாத களைப்பின் அறிகுறியாக இருக்கலாம்.

தூக்கத்தில் கைவைக்கும்போது

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டில் ஒரு பழக்கத்துக்குப் பெயர் சூட்டினர். வெளிக்காரணம் எதுவும் இல்லாமல், நினைத்த நேரத்தில் உறங்கப் போகாமல் தள்ளிப்போடுவதே அது. பகல் முழுவதும் பிறர் சொன்னதைச் செய்தவருக்கு, படுக்கைக்குப் போகும் முன் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் சொந்த நேரமாகத் தோன்றும். அந்த நேரத்தை விட மனம் வருவதில்லை.

தாதிமை மாணவர்களுக்கு இது கணக்கிலேயே உதைக்கும். பிற்பகல் பணி இரவு 9 மணிக்குமேல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு சேர 10.30 ஆகிவிடும். மறுநாள் காலை 7 மணிப் பணிக்கு 5 மணிக்கே எழ வேண்டும். வந்த உடனே படுத்தாலும் ஆறரை மணி நேரம்தான் தூக்கம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் திரையைப் பார்த்தால் மிஞ்சுவது ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு.

திரையின் ஒளியும் ஒரு காரணம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 12 பேரிடம் நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், உறங்கப் போகும் முன் ஒளிரும் திரையில் புத்தகம் படித்தவர்களுக்கு, அச்சிட்ட புத்தகம் படித்தபோது ஆனதைவிட உறக்கம் வர ஏறக்குறைய 10 நிமிடங்கள் கூடுதலாகின. உறக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலட்டோனின் சுரப்பும் குறைந்தது.

ஆனால் பத்து நிமிடத்தைவிடப் பெரிய இழப்பு, "இன்னும் ஒரு காணொளி" என்று நீளும் ஒரு மணி நேரம்தான். வார்டுக் குழுவில் வந்த கண்டிப்பான செய்தியை இரவு 11 மணிக்குப் படித்துவிட்டுப் புரண்டு புரண்டு படுப்பதற்குத் திரையின் ஒளியைக் குறை சொல்ல முடியாது.

நோயாளியின் கட்டிலருகே

மருந்து கொடுக்கும் முன் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என ஐந்தையும் சரிபார்க்க வேண்டும் என்பது தாதிமையின் அடிப்படைப் பாடம். அந்தச் சரிபார்ப்புக்குத் தொடர்ச்சியான கவனம் தேவை.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இரண்டு மருத்துவமனைகளில் 98 தாதியரைக் கவனித்து, 2010ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு இதில் முக்கியமானது. மருந்து கொடுக்கும் பணியில் ஏற்பட்ட ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் நடைமுறைத் தவறுகள் 12.1 விழுக்காடும், மருத்துவத் தவறுகள் 12.7 விழுக்காடும் கூடியது அதில் தெரியவந்தது. அந்த ஆய்வு எல்லா வகைக் குறுக்கீடுகளையும் பற்றியது, திறன்பேசியைப் பற்றி மட்டும் அன்று. ஆனால் சட்டைப் பையில் அதிரும் கருவியும் ஒரு குறுக்கீடுதான்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அழைப்போ குறுஞ்செய்தியோ வந்ததற்கான ஒலியும் அதிர்வுமே கவனத்தைக் கலைக்கப் போதுமானவை என்று தெரிந்தது. கருவியைக் கையில் எடுக்காதவர்களும் கவனம் இழந்தனர்.

தூய்மையும் இதில் அடங்கும். நோயாளியைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் கைகளைச் சுத்தம் செய்வது, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள ஐந்து தருணங்களில் இடம்பெறுகிறது. கை கழுவிய பிறகு திறன்பேசியைத் தொட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மனம் நொந்த நிலையில் நண்பர்கள் குழுவில் கொட்டும் செய்தியில் நோயாளியின் பெயரோ கட்டில் எண்ணோ படமோ சேர்ந்துவிடலாம். சிங்கப்பூரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. நோயாளியின் அந்தரங்கம் காப்பது, சட்டத்துக்கு முன்பிருந்தே தாதிமைத் தொழிலின் நெறி. ஒரு நொடியில் அனுப்பிய படம் பல ஆண்டுப் படிப்பைப் பாதிக்கக்கூடும்.

வீட்டைவிட்டு வந்தவர்கள்

மலேசியாவில் இருந்தும் தமிழகத்தில் இருந்தும் வந்து தங்கிப் படிப்பவர்களுக்கும், ஜோகூரிலோ பேராக்கிலோ வீட்டைவிட்டு விடுதியில் இருப்பவர்களுக்கும் திறன்பேசிதான் அம்மாவின் முகம். அவர்களிடம் பயன்பாட்டு நேரத்தை மட்டும் எண்ணினால் தவறான முடிவுக்கு வர நேரிடும். வீட்டாருடன் பேசிய 40 நிமிடமும் முன்பின் தெரியாதவர்களின் காணொளிகளைத் தள்ளிய 40 நிமிடமும் திரை நேரக் கணக்கில் ஒன்றுதான். மனத்துக்கு அவை ஒன்றல்ல.

அதே வேளையில், வீட்டுக் குழுவில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் உடனே பதில் போட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் ஒரு சுமையாகலாம். பிள்ளை பதில் போடாத இரண்டு மணி நேரத்தில் அவர் வார்டில் இருந்திருக்கலாம் என்பது வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வுகளை எப்படிப் படிப்பது?

திறன்பேசிச் சார்பு கூடும்போது பதற்றம், மனச்சோர்வு, மோசமான தூக்கம் ஆகியவையும் கூடுதலாகக் காணப்படுவதாகத் துருக்கி, சீனா, தென்கொரியா, இந்தியா போன்ற நாடுகளில் தாதிமை மாணவர்களிடம் நடத்திய ஆய்வுகள் பல தெரிவிக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் வினாநிரல் கொடுத்து நிரப்பச் சொன்னவை. எது முதலில் வந்தது என்று அவற்றால் காட்ட இயலாது. திறன்பேசியால் மனம் சோர்ந்ததா, சோர்ந்த மனம் திறன்பேசியைத் தேடியதா என்ற கேள்வி அங்கே திறந்தே நிற்கிறது.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் திரட்டப்பட்ட பெரிய தரவுகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் வெளியிட்ட ஆய்வு, பதின்ம வயதினரின் நலனில் காணப்படும் வேறுபாடுகளில் அதிகபட்சம் 0.4 விழுக்காட்டைத்தான் மின்னிலக்கப் பயன்பாடு விளக்குகிறது என்று கண்டறிந்தது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, திறன்பேசியில் பதிவான உண்மையான பயன்பாட்டு நேரத்துக்கும் மனநலத்துக்கும் இடையிலான தொடர்பு வலுவற்றது என்றும், தம் பயன்பாடு சிக்கலானது என்று ஒருவர் தாமே மதிப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு அதைவிட வலுவானது என்றும் காட்டியது.

இதனால் கவலைப்படத் தேவையில்லை என்று பொருளாகாது. சிங்கப்பூரின் மனநலக் கழகம் 15 முதல் 35 வயது வரையிலான ஏறக்குறைய 2,600 பேரிடம் நடத்தி 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட தேசிய இளையர் மனநல ஆய்வில், 30.6 விழுக்காட்டினர் கடுமையான அல்லது மிகக் கடுமையான மனச்சோர்வு, பதற்றம், மனவுளைச்சல் அறிகுறிகளில் ஏதேனும் ஒன்றையாவது எதிர்கொண்டது தெரியவந்தது. சமூக ஊடகங்களை நாளுக்கு மூன்று மணி நேரத்துக்குமேல் பயன்படுத்துவது, இணையவழித் துன்புறுத்தல், உடல் தோற்றம் குறித்த கவலை ஆகியவை அதனுடன் தொடர்புடையவையாக அடையாளம் காணப்பட்டன.

நேரக் கணக்கு தனியாக முழுக் கதையையும் சொல்வதில்லை. "எனக்கு இது கட்டுப்பாட்டை மீறிப் போகிறது" என்று ஒரு மாணவர் சொன்னால், திரை நேரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைப் பொருட்படுத்த வேண்டும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• பணி நாளுக்கு முந்தைய இரவிலும் தூங்கும் நேரம் தொடர்ந்து தள்ளிப்போவது
• வார்டில் இருக்கும்போதும் கைப்பையில் உள்ள திறன்பேசியைப் பற்றியே நினைப்பது
• மின்கலம் தீரும்போதோ இணையத் தொடர்பு இல்லாதபோதோ மிகுந்த படபடப்பு ஏற்படுவது
• உடன் படிப்பவர்களுடன் உணவு உண்ணும்போதுகூடப் பேச விருப்பமில்லாமல் போவது
• குறைக்க முயன்றும் சில நாளிலேயே பழைய நிலைக்குத் திரும்புவது
• பயன்படுத்தி முடித்ததும் ஆறுதலுக்குப் பதிலாக வெறுமையோ குற்றவுணர்வோ மிஞ்சுவது

மாணவர்கள் செய்யக்கூடியவை

முதல் வாரம் எதையும் மாற்றாமல் கவனித்தாலே போதும். திரை நேரத்தைக் காட்டும் வசதி 2018ஆம் ஆண்டு முதல் ஐஃபோன், ஆண்ட்ராய்ட் இரண்டிலும் வந்துள்ளது. மொத்த மணி நேரத்தைவிட, ஒரு நாளில் எத்தனை முறை கருவியைக் கையில் எடுத்தார், படுக்கைக்குப் போன பின் எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற இரண்டு எண்களும் முக்கியமானவை.

அடுத்து, கருவியைப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். மருந்துச் செயலி, கணிப்பான், கால அட்டவணை, வீட்டார் எண் ஆகியவை முதல் பக்கத்தில் இருக்கட்டும். காணொளி, சமூக ஊடகச் செயலிகள் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும். பயிற்சிக் குழுவுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஒலியை வைத்துவிட்டு மற்ற அறிவிப்புகளை முடக்கிவிடலாம்.

பணிநேரத்தில் திறன்பேசியைப் பூட்டுப்பெட்டியிலோ பையிலோ வைத்துவிடுவது நல்லது. மருந்து விவரம் தேவைப்பட்டால் வார்டில் உள்ள கணினியையோ மூத்த தாதியையோ நாடலாம். கேட்டுத் தெரிந்துகொள்வதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

பணி முடிந்ததும் திரையைத் தொடும் முன் 10 நிமிடம் ஒதுக்கலாம். அன்று மனத்தை உறுத்திய ஒன்றைச் சக மாணவரிடம் சொல்லலாம், அல்லது நோயாளியின் அடையாளம் வராமல் எழுதலாம். தாதிமை வகுப்புகளில் கற்பிக்கப்படும், 1988ஆம் ஆண்டில் வெளிவந்த கிப்ஸின் சிந்தனைச் சுழற்சி இதற்குப் பயன்படும். என்ன நடந்தது, அப்போது என்ன உணர்ந்தேன் என்பவையே அதன் முதல் இரண்டு படிகள். ஒப்படைப்புக்காக மட்டுமே எழுதப்படும் அந்தப் பயிற்சி, மனத்தின் சுமையை இறக்கவும் உதவும்.

தூங்கும் இடத்தில் இருந்து கருவியைத் தள்ளி வைப்பது எளிய வழி. எழுப்புவதற்கு மலிவான கடிகாரம் ஒன்று போதும். விடுதி அறையில் வேறு இடம் இல்லையென்றால், கை எட்டாத மேசையில் மின்னேற்றம் செய்யலாம்.

பெற்றோரும் கல்வி நிலையங்களும்

"எப்போது பார்த்தாலும் கைப்பேசிதான்" என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொள்வதில் முடியும். "இன்றைக்கு வார்டில் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பதில் வர வாய்ப்பு உண்டு. பிள்ளையின் பணி அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்தால், எப்போது அழைக்கலாம், எப்போது உறங்க விட வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வெளியூரில் இருப்பவர்களுக்கு வாரத்தில் சில நாள்கள் பேசும் நேரத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம்.

கல்வி நிலையங்கள் பங்களிக்கவும் இடமுண்டு. பணி தொடர்பான குழுச் செய்திகளை இரவில் அனுப்பாமல் இருப்பது, முதல் மரணத்தைப் பார்த்த மாணவருடன் அன்றே யாராவது பேசுவது, பிற்பகல் பணிக்கு மறுநாளே காலைப் பணி வராமல் அட்டவணை போட முயல்வது ஆகியவை திறன்பேசி பற்றிய விழிப்புணர்வு உரையைவிடக் கூடுதல் பலன் தரக்கூடும்.

எப்போது உதவி நாட வேண்டும்?

மனச்சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களுக்குமேல் நீடித்தால், தூக்கமும் பசியும் மாறினால், வார்டுக்குப் போவதை நினைத்தாலே நடுக்கம் வந்தால், திறன்பேசியைக் குறைப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. பலதுறைத் தொழிற்கல்லூரிகள், தொழில்நுட்பக் கல்விக் கழகம், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றில் ஆலோசகர்கள் உள்ளனர். பிறரைப் பராமரிக்கக் கற்பவர் தமக்கு உதவி கேட்பது பலவீனம் ஆகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் காத்திருக்காமல் உடனே அழைக்க வேண்டும்.

சிங்கப்பூர்
• தேசிய மனநல உதவி எண் (24 மணி நேரமும்): 1771
• சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் (24 மணி நேரமும்): 1767
• மனநலக் கழகத்தின் உதவி எண் (24 மணி நேரமும்): 6389 2222
• அவசர மருத்துவ உதவி: 995

மலேசியா
• பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் (24 மணி நேரமும்): 03-7627 2929
• சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண்: 15555
• அவசர உதவி: 999

இந்த எண்களைத் திறன்பேசியின் முதல் பக்கத்தில் சேமித்து வைக்கலாம். உடன் படிக்கும் நண்பருக்கும் அவை ஒருநாள் தேவைப்படலாம்.